உதவித்தொகைக்கு முன்னால் ஒரு வாசல்

(கும்மிடிப்பூண்டியில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காமல் நேராக இங்கே வந்திருப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். நானும் அப்படி ஓடியவன்தான். பொன்னேரியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்து, இங்கே ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளியாகச் சேர்ந்தேன். பிடித்தம் போக மாதம் 13,500 ரூபாய் கைக்கு வரும். வெளிநாட்டில் எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். “அவ்வளவு பணத்துக்கு எங்கப்பா போறது?” என்றார். “கவர்மெண்ட் உதவித்தொகை இருக்கும்மா” என்றேன்.

பொய் சொல்லவில்லை. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கல்விக் கட்டணம், தங்கும் செலவு, விமானக் கட்டணம் எல்லாம் தருகிறார்கள். ஆனால் விண்ணப்பிக்கும்போதே நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க வேண்டும். ஆங்கில மதிப்பெண் கேட்கும் பல்கலைக்கழகம், அது இல்லாமல் அந்தக் கடிதத்தைத் தராது. ஐஇஎல்டிஎஸ் என்ற அந்தத் தேர்வை எழுத பாஸ்போர்ட் வேண்டும். கட்டணம் 17,000 ரூபாய்க்குக் குறையாது. மதிப்பெண் இரண்டே ஆண்டுகள்தான் செல்லும்.

ஏழைப் பிள்ளைக்கென்று வைத்த உதவித்தொகையைக் கேட்பதற்கே, என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது.

வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். 6.5 வேண்டும், 6 வந்தது. அந்த அரைப் புள்ளிக்காக மறுபடி கடன், மறுபடி கட்டணம். இரண்டாம் முறை 6.5 கிடைத்தது. அதற்குள் அந்த ஆண்டுச் சேர்க்கை முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு கடனை அடைப்பதிலேயே போனது. சென்ற மாதம் என் மதிப்பெண் காலாவதி ஆனது.

நமக்கு மொழி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆரம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் தமிழும் தெலுங்கும் பேசி வளர்கிறார்கள். கம்பெனிக்குள் போனால், பீகார் தோழர்களோடு ஆறே மாதத்தில் இந்தியும் பேசுகிறார்கள். கூடப் பேச ஆள் இருந்தால் மொழி வரும். ஆங்கிலம் பேச நமக்கு யார் இருந்தார்கள்? மூன்று தலைமுறையாக ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைக்கும், செங்கல் சூளையில் வளர்ந்த இருளர் பிள்ளைக்கும் ஒரே தாளைக் கொடுத்துவிட்டு, வரும் வித்தியாசத்துக்குத் ‘தகுதி’ என்று பெயர் வைக்கிறார்கள்.

1913-இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். கையில் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து வாங்கிய பட்டமும், பரோடா மன்னர் அளித்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையும் இருந்தன. டோஃபல் தேர்வு வந்தது 1964-இல், ஐஇஎல்டிஎஸ் 1989-இல். அவருக்கு உதவி முதலில் வந்தது. நமக்கோ, செலவு முதலில், உதவி கடைசியில். இந்த வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நமக்கும் வேண்டும். தேர்வுக் கட்டணத்தை அரசே முன்கூட்டிக் கட்டட்டும். நிபந்தனையோடு கூடிய சேர்க்கைக் கடிதம் இருந்தாலும் விண்ணப்பத்தை ஏற்கட்டும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தாட்கோ நடத்தும் ஐஇஎல்டிஎஸ் பயிற்சி, ஷிப்ட் முடிந்து போகும் தூரத்தில் கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் நடக்கட்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பணம் கட்டும் முன் தாட்கோவில் விசாரியுங்கள். ஆங்கில வழியில் பட்டம் படித்தவர்கள், கல்லூரியில் அதற்கான சான்று கேளுங்கள். அதையே ஏற்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. தெரிந்திருந்தால் இரண்டு முறை கடன் வாங்கியிருக்க மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை இதே இடத்தில் உட்கார்ந்து படிப்போம். நானும் மறுபடி எழுதப் போகிறேன்.

ஜெய்பீம்.