எதற்கு என்று கேட்கும் கடை

(பழைய மாணவர் சந்திப்பில் இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் செட்டுக்காரன்தான் இப்போது சங்கச் செயலாளர். போன் செய்து, "நீ மலையிலே வண்டி ஓட்டறவன்தானே? பசங்க எல்லாம் ஃபோர் வீல் டிரைவ், பெரிய டயர்னு அலையறாங்க. அதைப் பத்திப் பேசுடா" என்றான். சரி என்றேன். ஆனால் எந்த டயர் நல்லது, எந்த விஞ்ச் நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதை மாட்டுகிற கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். அதில் நான் ஒரு முறை தோற்றவன். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

வால்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பல வருடம் பொறியாளராக இருந்தேன். 2012-ல் பழைய ஜிப்ஸி ஒன்று வாங்கினேன். முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டை வைத்த, கெட்டியான, எளிமையான வண்டி. எஸ்டேட் பாதைக்கு அது அப்படியே போதும். ஆனால் ஆசை யாரை விட்டது? உயரமாக நின்றால் கம்பீரமாக இருக்குமே என்று தோன்றியது.

நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். பளபளவென்று போர்டு, வாசலில் ஜோடித்து நிறுத்திய நாலு வண்டி. "நல்லாத் தூக்கிக் கொடுங்க, 235 டயர் போடுங்க" என்றேன். "ஜம்முனு பண்ணிடலாம் சார், மூணு நாள்" என்றார்கள். மற்ற இடங்களைவிட ஒன்பதாயிரம் ரூபாய் குறைவு. அச்சுக்கு அடியில் இருந்த பட்டையை அச்சுக்கு மேலே மாற்றி வைத்தார்கள். வண்டி நாலு அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிட்டது. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், போட்டோ எடுத்தேன், பணம் கொடுத்தேன். நாலு வருடம் மெக்கானிக்கல் படித்தவன், ஒரு நிமிடம் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, எஸ்டேட் பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கியது. எப்படியோ வெளியே எடுத்துவிட்டேன். மறுநாள் என் மகளைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்கு இறங்கினேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்குத் தெரியும். பாதி இறங்கியிருப்போம், பிரேக் பெடல் காலோடு உள்ளே போய்விட்டது. பின் சக்கரம் மட்டும் கொஞ்சம் பிடித்தது. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, வண்டியை மலைப் பக்கம் உரசவிட்டு நிறுத்தினேன். எதிர்ப்பக்கம் போயிருந்தால் இன்று இந்த மேடையில் நான் இல்லை. மகளுக்குத் தாடையில் மூன்று தையல். இப்போது அவள் கல்லூரியே முடித்துவிட்டாள், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒன்பதாயிரம் ரூபாய் ஞாபகம் வரும்.

நடந்தது இதுதான். பட்டையை மாற்றி வண்டியை உயர்த்தியவர்கள், பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸைப் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டார்கள். சக்கரம் தொங்கியபோது அது இழுபட்டு, நுனியில் கீறல் விட்டிருக்கிறது. விலை சில நூறு ரூபாய்க்கு மேல் போகாத சாமான். அவர்கள் மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் கேட்டதைத்தான் அவர்கள் செய்தார்கள். நான் கேட்காததைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

பிறகு எஸ்டேட் டிரைவர் ஒருவர் சொல்லி, பொள்ளாச்சியில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். வாசலில் போர்டுகூட ஒழுங்காக இல்லை. அந்த அண்ணன் முதலில் விலை பேசவே இல்லை. "எந்த ரோட்டுல ஓட்டறீங்க சார்? எவ்வளவு பாரம் ஏத்துவீங்க? வண்டியில யாரு யாரு வருவாங்க?" என்று அரைமணி நேரம் கேள்வி. பிறகு அட்டையைப் போட்டு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, "இந்த உயரம் உங்களுக்கு எதுக்குங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. "அப்ப இறக்கிடலாங்க" என்றார். உயர்த்திக் கொடுத்தால் அவருக்கு நல்ல வருமானம். வேண்டாம் என்று சொன்னதால்தான் அவரை நம்பினேன்.

மாணவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பழைய டயர் 205/70 ஆர் 15, அதன் விட்டம் ஏறக்குறைய 668 மில்லிமீட்டர். நான் போட்டது 235/75 ஆர் 15, விட்டம் 734. அதாவது பத்து சதவீதம் பெரிது. ஸ்பீடாமீட்டர் 60 காட்டினால் வண்டி 66-ல் போகிறது. அதே மிதிக்குப் பிரேக்கின் பிடிப்பும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. உயர்த்தும்போது ஹோஸ் மட்டுமா? புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறும், ஸ்டியரிங் ராடின் கோணம் மாறும், ஹெட்லைட் எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும். ஒன்றைத் தொட்டால் ஐந்து மாறும். "இதைப் போட்டா வேற என்னென்ன மாறும்?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். "ஒண்ணும் மாறாது சார்" என்றால், டீ கொடுத்தாலும் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

வாசலில் நிற்கும் புது வேலையைப் பார்க்காதீர்கள். இரண்டு, மூன்று வருடம் முன்பு அவர் செய்த வண்டி எங்கே ஓடுகிறது என்று கேட்டு, அதன் சொந்தக்காரரிடம் பேசுங்கள். பட்டறையில் டார்க் ரென்ச் இருக்கிறதா, அதைக் கையில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். யூ போல்ட்டைப் புதிதாக முறுக்கினால், ஓரளவு ஓடியபின் மறுபடி முறுக்க வேண்டும். "500 கிலோமீட்டர் ஓட்டிட்டுத் திரும்பி வாங்க" என்று தானே சொல்கிறவர் வேலை தெரிந்தவர்.

விஞ்ச் மாட்டுகிறவரிடம் வயரிங்கைப் பற்றிக் கேளுங்கள். முழுப் பாரத்தில் அது நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். தடித்த கேபிளும், சேசிஸில் கெட்டியாகப் பிடித்த தாங்கியும் இல்லாமல் பம்பரில் தொங்கவிட்டால், இழுக்கும் நேரத்தில் பம்பர்தான் வரும். ஸ்நார்க்கல் வைப்பவர் குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் காற்றுப் புகாமல் அடைக்கிறாரா என்று பாருங்கள். ஒரு இணைப்பு ஒழுகினாலும் அது வெறும் அலங்காரம், எஞ்சின் தண்ணீர் குடித்துவிடும்.

கம்பெனி ஷோரூமா, தனிப் பட்டறையா என்று பலரும் கேட்கிறார்கள். வண்டி வாரண்டியில் இருந்தால் முதலில் ஷோரூமில் கேளுங்கள், எது மாட்டினால் வாரண்டி போகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஷோரூமே வேலையை வெளியே கொடுப்பதும் உண்டு. "மாட்டப்போறது யாரு?" என்று கேட்பதில் தவறில்லை. எங்கே செய்தாலும் சாமானின் பெயர் போட்ட பில் வாங்குங்கள். துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதித் தருகிறவர், நாளைக்கு உங்களைத் தெரியாது என்பார்.

கடைசியாகச் சட்டம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. முன்னால் மாட்டும் புல் பார் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவருக்கும் ஆபத்து, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து, ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இந்த மாதிரி மாற்றங்களைத்தான். ஆகவே எதைத் தொடுவதற்கு முன்னும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்கிற கடை, வழக்கு வரும்போது உங்களோடு வந்து நிற்காது. நான் செய்த மாற்றமும் விதிக்கு வெளியேதான் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் நாளை இப்படிப்பட்ட கடை வைக்கலாம், கம்பெனியில் டிசைன் போடலாம். நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் எங்கள் காலத்தில் ஒரு இன்ஸ்ட்ரக்டர் இருந்தார். எந்த வேலையைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "இது எதுக்குடா?" என்பார். அன்றைக்கு அவரைக் கேலி செய்தோம். பொள்ளாச்சிப் பட்டறையில் அதே கேள்வியைக் கேட்டபோதுதான் அதன் மதிப்பு புரிந்தது. வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து கொடுக்கப் பலரால் முடியும். அவரிடம் "எதுக்கு?" என்று கேட்கவும், தேவைப்பட்டால் "வேண்டாம்" என்று சொல்லவும் படிப்போடு தைரியமும் வேண்டும்.

அந்த ஜிப்ஸி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பழைய உயரம், பழைய அளவு டயர். மகள்தான் ஓட்டுகிறாள். கிளம்புமுன் ஒரு தடவை குனிந்து அடியில் பார்த்துவிட்டுத்தான் சாவி போடுகிறாள்.