விளைந்ததைக் காத்தல்

(நமது சங்கத்தின் தைத் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எம்மை இன்று பேசப் பணித்த காரியதரிசி அவர்கள், பண்டிதராகலின் யாம் இலக்கியம் பற்றி ஏதேனும் கூறுவேம் என்று எதிர்பார்த்திருத்தல் கூடும். யாமோ பருப்பும் புளியும் வற்றலும் பற்றிக் கூற வந்துள்ளேம். இவை அவையிற் பேசத்தக்க பொருளல்ல என்று நினைப்பார் உளராயின், அவர் பெரும்பாணாற்றுப்படையை ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக. தொண்டைமான் இளந்திரையன் புகழ் பாடவந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், வளமிக்க ஊரின் மனைகளில் ஏணிக்கும் எட்டாத உயரத்தில் நின்ற நெற்கூடுகளையும், உச்சியைத் திறந்து அவற்றை நிரப்பிய முறையையும் கூற மறந்தாரில்லை. பிறிதோர் இடத்தில், சோற்றுடன் இட்ட மாவடு ஊறுகாயையும் விடாது கூறுகின்றார். புலவர் பெருமானுக்கு இழுக்காகாத பொருள் எமக்கும் இழுக்காகாது.

யாம் பிறந்தது கோவிற்பட்டிப் பக்கத்துக் கரிசற்காட்டு ஊர். அங்கு ஆற்றுப் பாசனம் இல்லை. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியிருந்து, தை மாசியில் அறுப்பர். கம்பு, சோளம், உளுந்து, துவரை, மிளகாய், பருத்தி என்பன எம் விளைவு. மாசிக்குப்பின் அடுத்த மழை வருந்துணையும் காட்டில் ஒன்றும் இல்லை. ஆகவே ஓராண்டு உணவைப் பங்குனி சித்திரை வெயிலிற் காயவைத்துக் குலுக்கையிலும் பானையிலும் பரணியிலும் அடைத்துக்கொள்ளாத குடும்பம், ஆடியில் அயல்வீட்டு வாயிலில் நிற்கவேண்டியதுதான். எம் இளமையில் அங்ஙனம் நின்றாரையும் கண்டுள்ளேம்.

எம் வீட்டில் இவ்வேலை அனைத்திற்கும் தலைமை பூண்டவர் எம் தந்தையாரின் தமக்கையார். இளமையிலேயே கணவனை இழந்து தமையன் தம்பியர் வீட்டிற்குத் திரும்பியவர், எழுத்தறியாதவர். தை பிறந்தது முதல் சித்திரை முடியும்வரை வீட்டில் உள்ள பதினொருவரும் அவர் சொற்படிதான் நடந்தோம். ஆடவர் மூட்டை இறக்குவர். பெண்டிர் புடைப்பர், திருகையில் உடைப்பர். பாட்டியார் உட்கார்ந்தபடியே புளியங்கொட்டை எடுப்பார். சிறுவராகிய எமக்குத் தட்டட்டியில் உலரும் கூழ்வற்றலுக்குக் காவல். நன்னூற் சூத்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டே ஒருநாள் காவல் இருந்தேம். சூத்திரம் பாடமாயிற்று, வற்றலிற் பாதி காக்கைக்கு ஆயிற்று. அத்தையார் ஏறி வந்து பார்த்து, "ஏலே, பொஸ்தவத்துல இருக்க காக்காயக் காவல் காக்கியா, வத்தல்ல இருக்க காக்காயக் காவல் காக்கியா?" என்றார். அக்கேள்விக்கு இன்றுவரை விடை கூறினேமில்லை.

அவர் செய்தவற்றுட் சிலவற்றைக் கூறுவாம். புளியைக் கொட்டையும் நாரும் நீக்கி, இரண்டு வெயில் காட்டி, கல்லுப்புத் தூவி அடித்து உருட்டி, புதுப்பானையில் இறுக அடைப்பார். உப்பு, பூச்சியை விலக்குவதுடன் புளி கல்லாய் இறுகிவிடாமலும் காக்கும். மாவடுவுக்கு எட்டுப்படிக்கு ஒருபடி உப்பு என்பது அவர் கணக்கு. விளக்கெண்ணெய் தடவிப் பரணியில் இட்டு, நாள்தோறும் குலுக்கி விடவேண்டும். வடுவினுள் இருந்த நீரை உப்பு வெளியே இழுக்க, வடு சுருங்கித் தன் நீரிலேயே மூழ்கும். மூழ்காமல் மேலே நிற்பதுதான் முதலில் அழுகும். மோர்மிளகாயை இரவில் உப்பிட்ட மோரிலும் பகலில் வெயிலிலுமாக, மோர் முழுதும் ஏறுமளவும் மாற்றி மாற்றி வைப்பார். சுண்டைக்காய், கொத்தவரங்காய், வெண்டைக்காய் வற்றல்களை நீவிர் அறிவீர், விரித்துரைக்க வேண்டா.

துவரையோ சற்று நுட்பமானது. பயற்றுவண்டு காட்டில் நெற்று முற்றும்போதே முட்டையிட்டுவிடும்; புழு மணியைத் துளைத்து உள்ளே புகுந்து தங்கும். புறத்தே தூய்தாகத் தோன்றும் துவரை, குலுக்கைக்குள் இரண்டு திங்களில் மாவாய் உதிர்வது இதனாலேதான். ஆதலின் சமையலுக்குரிய துவரையை ஓர் இரவு ஊறவைத்து, செம்மண் குழம்பிற் பிசைந்து, குவித்து மூடிவைத்து, பின்பு மூன்று நான்கு வெயில் காயவிட்டு, மண்ணைச் சலித்துவிட்டு உடைப்பார். அவ்வாறு செய்த பருப்பில் தோல் எளிதிற் கழலும். புழுவும் உள்ளே பிழைத்திராது. முழுப்பயறாக வைப்பனவற்றிற்கு விளக்கெண்ணெய் தடவுவார். எண்ணெய்ப் பூச்சில் வண்டின் முட்டை மூச்சடைத்துப் பொரியாது போம் என்பதை இன்று வேளாண்மைக் கல்லூரியில் கற்பிக்கின்றனர். அத்தையார்க்குக் கற்பித்தவர் அவர் மாமியார்.

காய்ந்ததா என்று அறிய அவர்பால் கருவி ஒன்றும் இல்லை. ஒரு மணியை வாயிலிட்டுக் கடிப்பார். 'கடுக்' என்று இரண்டாக உடைதல் வேண்டும், பல் பதிதல் ஆகாது. மிளகாயைக் காதருகே ஆட்டுவார். விதை கலகலத்தல் வேண்டும். மூட்டைக்குள் முழங்கைவரை கையை நுழைத்து, உள்ளே வெதுவெதுப்பு இருப்பின் அன்றே அவிழ்த்துக் கொட்டச் செய்வார். நெல்லில் 100க்கு 14 பங்கிற்கு மேல் ஈரம் இருப்பின் நெடுநாள் வைத்தல் ஆகாது என்று கருவிகொண்டு அளந்து கூறுவர் இக்காலத்தார். அவர் பல் அளந்ததும் அந்த ஈரத்தைத்தான்.

பூத்துப்போன மிளகாயை அத்தையார் மாட்டுத் தொட்டியிலும் போடவிடார், அடுப்பிலும் எரிக்கவிடார், குழிதோண்டிப் புதைப்பிப்பார். இஃது எளிய விஷயம் அன்று. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் ஆராய்ந்தபோது, தீவனத்தில் இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கிற் படர்ந்த பூசணமே நஞ்சை உண்டாக்கிற்று என்பது புலனாயிற்று. அந்நஞ்சிற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். அது கல்லீரலைக் கெடுப்பது. சமைக்கும் சூட்டில் முற்றும் அழியாதது. ஈரம் போகாமற் கட்டிய மிளகாயிலும் சோளத்திலும் தோன்றக்கூடியது. ஆகலின், மேலே பூத்ததைத் துடைத்துவிட்டு உள்ளிருப்பதைப் பயன்படுத்தும் சிக்கனத்தைத் தாய்மார்கள் அருள்கூர்ந்து கைவிடவேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டு, பழங்காலம் பொற்காலம் என்று எவரும் மயங்கற்க. மிளகாய் காம்பு கிள்ளிய நாளில் அத்தையார் கைகள் எரிச்சலால் இரவெல்லாம் மோரிற் கிடக்கும். கூழ் காய்ச்சும் நாளில் விடியற்காலம் மூன்றரை மணிக்கே எழுவார். புகையால் கண் சிவந்திருக்கும். எம் வீட்டிற் பாகப்பிரிவினை நடந்தபோது காடும் கிணறும் மாடும் வீடும் பத்திரத்தில் ஏறின. குலுக்கையும் திருகையுங்கூட ஏறின. அத்தையார்க்கு உரியதாக எழுதப்பட்டது 'உண்ணவும் உடுக்கவும்' என்னும் இரு சொற்களே. முப்பது ஆண்டு எம்மை உண்பித்தவர்க்கு உணவு தருவதாக யாம் எழுதிக்கொடுத்தேம். அப்பத்திரத்தைச் செவ்விய தமிழில் எழுதித் தந்தவர், தமிழ் கற்கத் தொடங்கியிருந்த யாமே.

அவர் 2011ஆம் ஆண்டு ஆவணியில் மறைந்தார். மறு தையில், வீட்டுத் துவரையைப் பக்குவம் செய்வது எம்மீதும் எம் மனைவியார்மீதும் விழுந்தது. அவர் செய்தவற்றைப் பலகாலும் பார்த்திருக்கின்றேமே என்னும் துணிவில் செய்தேம். ஊறவைத்தேம்; செம்மண் கட்டினேம்; குவித்து மூடினேம்; உலர்த்தினேம். பருப்புக்குரிய துவரையையும் விதைக்குரிய துவரையையும் ஒன்றாகவே செய்தேம். அதுதான் பிழை. குவியலிற் கிடந்த விதை முளைமூக்கு விட்டிருந்ததை யாம் காணவில்லை. விழித்த உயிரை மூன்று நாள் வெயிலில் வைத்து வற்றச் செய்துவிட்டேம். புரட்டாசியில் விதைத்தபோது மழையும் பெய்தது, நிலமும் நனைந்தது, ஒன்றும் முளைக்கவில்லை. விதைத் துவரையை நீரிலேயே இடாமல், சலித்த சாம்பலிற் புரட்டிப் பானையில் இட்டு, மேலே நொச்சியிலை பரப்பி, வாயைச் சாணமும் மண்ணும் பூசி மூடுவார் அத்தையார் என்பதைப் பின்னர் எம் சிற்றன்னையார் நினைவுகூர்ந்தார். நினைவு வந்தபோது விதை இல்லை.

அத்துவரை கருஞ்செம்மை நிறத்த சிறுமணி, நெடுநாள் காட்டில் நிற்பது, வேகுநேரமும் மிகுதி. ஆயினும் மழை பொய்த்த ஆண்டிலும் விதைக்காவது தந்துவிடும் என்று பெரியோர் கூறுவர். எத்தனை தலைமுறையாக எம் வீட்டில் இருந்ததோ, தமிழ் இலக்கணம் கற்பிக்கும் ஒருவன் கையில் ஒரே வாரத்தில் அழிந்தது. அத்தையார் இருந்த நாளில் ஒருமுறையேனும் அவரருகே அமர்ந்து, "இதை இவ்வாறு செய்வது ஏன்?" என்று யாம் கேட்டதில்லை. பெண்டிர் வேலை என்று இருந்துவிட்டேம்.

கடையில் எல்லாம் கிடைக்கின்றன, குளிர்ப்பெட்டியும் இருக்கின்றது, இனி இவை எதற்கு என்று இளைஞர் கேட்பர். குளிர்ப்பெட்டியை யாம் பழிக்கமாட்டேம். எம் வீட்டிலும் உண்டு. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நான்காம் அடுக்கில் வாழும் நம்மவர்க்கு வற்றல் உலர்த்தத் தட்டட்டி ஏது என்பதையும் அறிவேம். வாங்குவார் வாங்கட்டும். ஆனால் ஊரில் இன்னும் உழுது விளைப்பவர், களத்திலேயே அனைத்தையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஆடியில் அதே பருப்பைக் கூடுதல் விலைக்குக் கடையில் வாங்குவதைக் காணும்போது எமக்கு மனம் ஒப்பவில்லை. மேலும் விதை கெட்டபின் அதனை எந்தக் குளிர்ப்பெட்டியிற் போய்த் தேடுவது?

ஆகவே இச்சங்கத்தின்பால் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் மாத இதழில் திங்கள்தோறும் இரண்டு பக்கம் ஒதுக்கி, நம் குடும்பங்களில் எழுபது கடந்த தாய்மார் சொல்ல, அவர்தம் பேரரும் பேர்த்தியரும் அப்படியே எழுதி அனுப்பட்டும். அளவு, நாள், வெயில், இலை, எண்ணெய் அனைத்தும் வேண்டும். 'தக்க அளவு' என்று எழுதினால் யாம் ஏற்கமாட்டேம். பையன்களும் எழுதவேண்டும், எழுதுவதோடு கையும் வைக்கவேண்டும். இவ்வாண்டு எம் வீட்டில் மிளகாய் காம்பு கிள்ளும் முறை எம் மகனுடையது. அவன் முகத்தை நேற்றே பார்த்துவிட்டு வந்தேம்.

இன்னும் ஒன்று. விளாத்திகுளத்துப் பக்கத்து உறவினர் ஒருவர் வீட்டில், சென்ற ஆண்டு இரண்டு கைப்பிடித் துவரை கிடைத்தது. நிறமும் மணியின் அளவும் எம் வீட்டுத் துவரையை ஒத்திருந்தன. புரட்டாசியில் விதைத்தேம், இப்போது நெற்று முற்றி நிற்கின்றது, மாசியில் அறுப்பேம். பானை வாங்கி வைத்தாயிற்று. நொச்சியும் வேலியில் உண்டு. அத்தையார் பயன்படுத்திய சாம்பல் கருவேல விறகின் சாம்பலா, பருத்திமார் எரித்த சாம்பலா, படிக்கு எத்துணை இடுவார் என்பது எம் சிற்றன்னையார்க்கும் தெரியவில்லை. இங்கே வந்துள்ள தாய்மாருள் அறிந்தார் எவரேனும் இருப்பின், கூட்டம் முடிந்ததும் சற்று இருந்து எமக்குக் கூறியருளவேண்டும். தாளும் எழுதுகோலும் கொணர்ந்துள்ளேம்.