சோற்றுக்கே உலை வைக்கும் நோய்



அடுப்பில் உலை வைத்தால் சோறு கிடைக்கும். அந்தச் சோற்றுக்கே உலை வைக்கும் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் துங்ரோ. மலேசிய நெல் விவசாயிகள் அதைப் 'பெஞாக்கிட் மேரா', அதாவது சிவப்பு நோய் என்றார்கள். இலை மஞ்சளாகி, ஆரஞ்சு நிறமாக மாறும். பயிர் குட்டையாகும், கதிரில் பதரே மிஞ்சும். முன்பு மண்ணில்தான் கோளாறு என்று கருதினார்கள். 1965-இல்தான் அது வைரஸ் நோய் என்பது நிரூபணமானது. 1980-களின் தொடக்கத்தில் கெடாவின் முடா நெற்களஞ்சியத்தையே அது கலங்கடித்தது.

இந்நோயைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. நோயுற்ற பயிரின் சாற்றை உறிஞ்சிவிட்டு அடுத்த பயிருக்குத் தாவும்போது, வைரஸையும் கொண்டு போகிறது. நோய்க்குக் காரணம் ஒன்றல்ல, இரண்டு வைரஸ்கள். கோல் வடிவ வைரஸ்தான் பயிரை வாட்டுகிறது. உருண்டை வடிவ வைரஸ் தனியாக இருந்தால் பெரிய அறிகுறி எதுவும் தெரியாது. ஆனால், உருண்டையின் துணையில்லாமல் கோலைப் பூச்சியால் பரப்ப முடியாது. ஆகவே, உருண்டையைத் தடுத்தால் நோய் பரவுவதும் தடைபடும்.

எப்படித் தடுப்பது? வைரஸ் பெருகுவதற்குப் புரதம் வேண்டும். அதைத் தயாரிக்கும் பட்டறை வைரஸிடம் கிடையாது. நெல்லின் உயிரணுவைத்தான் நம்பியிருக்கிறது. அங்கே புரதத் தயாரிப்பைத் தொடக்கி வைப்பதற்கென்றே ஒரு புரதம் உண்டு. இந்தோனேசியாவின் 'உத்ரி மேரா' நெல்லில் அந்தப் புரதம் ஓரிடத்தில் சற்றே மாறியிருக்கிறது. பூட்டு மாறிய வீட்டில் பழைய சாவி செல்லுமா? 2018-இல் ஐஆர்64 நெல்லின் அதே மரபணுவைத் திருத்தி, விஞ்ஞானிகள் அதிலும் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக் காட்டினார்கள்.

அதோடு கவலை தீர்ந்ததா? இல்லை. வைரஸின் மரபணுவும் மாறிக்கொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டில் உருவான டிகேஎம்6 நெல், உருண்டை வைரஸின் ஒரு வகையை எதிர்த்து நின்றது. பிலிப்பீன்ஸில் கண்டறியப்பட்ட இன்னொரு வகையோ, அதே நெல்லைத் தொற்றிக்கொண்டது.

அதனால், ஒரே ரகத்தை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. வட்டாரம் முழுவதும் ஒரே காலத்தில் விதைக்க வேண்டும். அறுவடை முடிந்ததும் தாளை உழுது மடக்க வேண்டும். ஒருவர் வயலில் விட்டுவைத்த தாள், ஊரார் வயலுக்கு நோயைக் கொண்டு வரும். விஞ்ஞானி தரும் விதை பாதிக் காவல். மீதிக் காவல் விவசாயிகளின் ஒற்றுமை.