கடலடிப் புலமைப்பரிசிலும் கரையில் நிற்கும் நாமும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூறாவது ஆண்டில் பேசுவதற்கு நம்மிடம் பழைய கதைகள் நிறைய உண்டு. அவற்றை மற்றவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். நாம் இங்கே ஒரு புலமைப்பரிசிலைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். நமது பிள்ளைகள் யாரும் இதுவரை விண்ணப்பித்திராத புலமைப்பரிசில் அது.

அமெரிக்காவில் ‘அவர் வேர்ள்ட் அண்டர்வோட்டர் ஸ்கொலர்ஷிப் சொசைற்றி’ என்றொரு சங்கம் 1974ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ரோலெக்ஸ் கைக்கடிகார நிறுவனத்தின் ஆதரவுடன் அது வழக்கமாக ஆண்டுக்கு மூன்று இளையவர்களைத் தெரிவு செய்கிறது. வட அமெரிக்காவுக்கு ஒருவர், ஐரோப்பாவுக்கு ஒருவர், அவுஸ்திரலேசியாவுக்கு ஒருவர். இந்த மூன்று பெயர்களையும் கேட்டவுடன் நமக்கு நினைவு வருவது நமது சங்கத்தின் கிளைகள்தான். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் வளரும் நமது பேத்திமாருக்கு இந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

இந்தப் புலமைப்பரிசிலுக்குப் பட்டமோ பரீட்சையோ கிடையாது. தெரிவானவர் ஓராண்டு காலம் உலகைச் சுற்றுகிறார். ஒரு மாதம் பவளப்பாறை ஆய்வாளர்களுடன், அடுத்த மாதம் மூழ்கிய கப்பலைத் தோண்டும் தொல்லியலாளர்களுடன், பிறகு நீருக்கடியில் படம் பிடிப்பவர்களுடன், சுழியோடிகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுடன் என்று அவர்களது வேலையில் கைகொடுத்தே கற்றுக்கொள்கிறார். எங்கே போவது, யாரிடம் போவது என்பதைப் பெரும்பாலும் அவரே எழுதிக் கேட்டு ஒழுங்கு செய்ய வேண்டும். ஆண்டு முடிவில் தான் கண்டதைச் சபையின் முன் வந்து சொல்ல வேண்டும்.

புலமைப்பரிசிலை ஏற்க அவர்கள் நியூயோர்க்குக்குப் பயணமாகிறார்கள். அந்த நிகழ்வு எக்ஸ்புளோரர்ஸ் கிளப்பில் நடந்ததுண்டு. 1904இல் தொடங்கிய அந்தக் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது 1981இல்தான். நமது கல்லூரியில் பெண்கள் உயர்தரத்தில் விலங்கியல் படித்துப் பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்த காலத்திலும் அங்கே பெண்ணுக்கு இடமில்லை. அந்த மண்டபத்தில் இன்று இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி எழுந்து நின்று பேசுகிறாள்.

அவளுக்கு முன்னே வழி வெட்டியவர்களில் ஒருவர் சில்வியா ஏர்ல். 1964இல் இந்து சமுத்திர ஆய்வுப் பயணத்துக்காக மொம்பாசாவிலிருந்து புறப்பட்ட கப்பலில் எழுபது ஆண்களுக்கு நடுவே அவர் ஒருவரே பெண். அப்போது அவர் இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். 1970இல் பெண்கள் ஐவர் மட்டுமே கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்கி, கரிபியன் கடலில் ஏறக்குறைய 15 மீற்றர் ஆழத்தில் அமைத்த வீட்டில் இரண்டு வாரம் வாழ்ந்து காட்டினார். நமது நாட்டிலும் ஆஷா டி வொஸ் இருக்கிறார். நீலத் திமிங்கிலங்களை ஆராய்ந்து உலகறிந்த அந்த விஞ்ஞானி, ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் கற்றுவிட்டு இந்தக் கடலுக்கே திரும்பி வந்தவர்.

சகோதரிகளே, இந்தப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க என்ன தகுதி வேண்டும்? வயது 21 முதல் 26 வரை. நல்ல கல்விப் பெறுபேறு. இதுவரை நமது பிள்ளைகளுக்குத் தடையில்லை. அடுத்தது, பிறரைக் காப்பாற்றும் பயிற்சி முடித்த சுழியோடி என்ற சான்றிதழும் குறைந்தது 25 முறை சுழியோடிய பதிவும். அந்தச் சான்றிதழுக்கு முன்னால் இன்னும் இரண்டு மூன்று பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றில் முதலாவதிலேயே 200 மீற்றர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் பொதுவாகக் கேட்பார்கள். இங்கேதான் நமது பிள்ளை நின்றுவிடுகிறாள். பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகும் என்று பரீட்சையில் பிழையில்லாமல் எழுதுவாள். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் அவளுக்குக் கால் நடுங்கும்.

அவளை நாம் குறை சொல்ல முடியாது. நம்மையே நினைத்துப் பார்ப்போம். கல்லூரி வாசலிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். கசூரினாவுக்குச் சுற்றுலா போனபோது, “கணுக்கால் வரைக்கும்தான் பிள்ளைகள்!” என்று ரீச்சர் சத்தம் போடுவார். பாவாடையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு நாம் வரிசையாக நின்றோம். அலை வந்ததும் கூச்சலிட்டுப் பின்னால் ஓடினோம். ரீச்சருக்கும் நீந்தத் தெரியாது. நம்மில் ஒருத்திக்கு ஏதாவது நடந்திருந்தால் அவரால் கரையில் நின்று கத்தத்தான் முடிந்திருக்கும்.

பிறகு யுத்தம் வந்தது. கடலுக்குத் தடை வந்தது. கரையோரத்தில் முட்கம்பி வந்தது. யுத்தத்தின் நடுவே 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதியும் வந்தது. அந்தக் காலையில் கடல் கொண்டுபோனவர்களின் பெயர்கள் நம்மில் பலரது வீட்டுப் படங்களில் இருக்கின்றன. கடலைக் கண்டு அஞ்சுவதற்கு நமக்குக் காரணம் உண்டு. அந்த அச்சத்தை இழிவாகப் பேச நாம் இங்கே வரவில்லை. அதை அப்படியே பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டுப் போகலாமா என்பதுதான் கேள்வி.

நாம் போகாத கடலுக்குள் மற்றவர்கள் போனார்கள். போர்த்துக்கேயர் இடித்த திருக்கோணேச்சரத்தின் தூண்கள் சுவாமி மலையடியில் கடலுக்குள் கிடப்பதை 1956இல் சுழியோடிப் பார்த்து உலகுக்குச் சொன்னவர்கள் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும். ஆண்டாண்டாக மலையின் மேலே நின்று கும்பிட்டவர்கள் நாம். 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஒல்லாந்தரின் ‘அவொன்ட்ஸ்டர்’ கப்பலை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைச் சுழியோடிகளே தோண்டினார்கள். ஆகவே நம் நாட்டவரால் முடியாத வேலையல்ல இது. மன்னாரில் முத்துக் குளித்த கடல் நமது வடக்கில்தானே இருக்கிறது!

நம்மில் பலர் விமானம் ஏறியது புலமைப்பரிசில் கடிதத்தோடு அல்ல. வீட்டுச் சாவியை அயலவரிடம் கொடுத்துவிட்டு, எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் ஏறினோம். நமது பேத்திமார் ஒரு பையுடன், போகும் நாளும் திரும்பும் நாளும் தெரிந்து, பெருமையோடு பயணம் போகக் கூடியவர்கள். அந்த வாய்ப்பு வெளிநாட்டுப் பேத்திக்கு மட்டும் இருந்து, இங்கே படிக்கும் பிள்ளைக்கு இல்லாமல் போனால், நூறு ஆண்டு கொண்டாடும் நமக்கு அது நிறைவாகாது. இந்தப் புலமைப்பரிசில் அவளது நாட்டை ஏற்காவிட்டாலும் கடல் அவளை ஏற்கும். கடல் உயிரியல், தொல்லியல், மீன்வளம் என்று அவள் போகக்கூடிய வழிகள் பல. எல்லா வழிக்கும் முதல் படி நீச்சல்.

ஆகவே நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் நீச்சற் பயிற்சிக்கு ஒதுக்குவோம் என்று முன்மொழிகிறோம். தடாகம் கட்டும்படி கேட்கவில்லை. இருக்கின்ற தடாகமொன்றில் வாரம் ஒரு மணித்தியாலம், பஸ் கட்டணம், பெண் பயிற்றுநர் ஒருவரின் வேதனம், இவ்வளவுதான்.

“பெண் பிள்ளைகள் என்ன உடுத்துவது?” என்று அம்மாமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முழுக் கையும் முழுக் காலும் மூடிய நீச்சல் உடைகள் இன்று கிடைக்கின்றன. பிள்ளைகளுக்கென்று தனி நேரமும் ஒழுங்கு செய்யலாம். “வகுப்புகளுக்கே நேரமில்லையே” என்பார்கள். ரியூசன் வகுப்பு பிள்ளையைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றாது.

இந்தப் பிள்ளைகளில் ஒருத்திகூட நியூயோர்க் மேடைக்குப் போகாமல் விடலாம். ஆனால் தம்பி கிணற்றில் விழுந்தால் அவள் கரையில் நின்று கத்தமாட்டாள். அதுவே நாம் கொடுத்த காசுக்குப் போதும். அதற்கு மேல் ஒருத்தி போய்விட்டால், அடுத்த மலரில் அவளது உரை வரட்டும்.

கணுக்கால் வரை நனைந்த தலைமுறை நாம். அடுத்த தலைமுறை நீந்தட்டும்.