ஒரு பென்னி செலவு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் செவிலியர் ஒருவர் பேசியது)

லண்டன் அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் இருப்பது லண்டன் இல்லை, நாட்டிங்ஹாம்.

ஆறாவது மைல் டேம் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கித்தான் விமானம் ஏறினேன். முதல் நாளே ஒரு தாத்தா என்னை 'மி டக்' என்று கூப்பிட்டார். வாத்து! முகம் சுண்டிப்போனது. அந்த ஊரில் அது நம்ம 'தாயி', 'கண்ணு' மாதிரி என்று பிறகுதான் தெரிந்தது. எதிரே வருகிறவர்கள் 'யூ ஆல்ரைட்?' என்பார்கள். நான் நின்று, நேற்றுத் தூங்காத கதையை ஆரம்பிப்பேன். அவர் அதற்குள் வராண்டா முனையில் இருப்பார். நாம் 'சாப்டாச்சா?' என்று கேட்டுக்கொண்டே நடக்கிறோமே, அதேதான். 'டீ' என்றால் பல வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு. இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்.

ஒரு இரவுப் பணியில் வயதான பாட்டி ஒருவர், ஒரு பென்னி செலவு செய்ய வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். காலையில் கடை திறந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி, போர்வையை இழுத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போனபோது படுக்கை நனைந்திருந்தது. பாட்டி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஒரு காலத்தில் அங்கே பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி போட்டால்தான் பூட்டு திறக்கும். அதிலிருந்து வந்த பேச்சு. கூட வேலை பார்த்த உள்ளூர் அம்மா சொன்னார். அன்றிலிருந்து சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. 'பூர்லி' என்றால் உடம்புக்கு முடியவில்லை. 'வாட்டர்வொர்க்ஸ்' என்றால் தண்ணீர்க் குழாய் அல்ல, சிறுநீர்ப் பிரச்சினை. வெட்கப்படுகிற விஷயத்துக்குத்தான் எந்த ஊரிலும் இப்படிச் சுற்றுப்பேச்சு. என் அப்பத்தாவும் 'வெளிக்குப் போகணும்' என்றுதான் சொல்லும். வெளியூர் நர்ஸ் என்றால் வாசலுக்குக் கூட்டிப்போயிருப்பார்.

போன வாரம் இங்கே ஒரு மருந்துக்கடையில், மில்லில் வேலை பார்க்கும் வடநாட்டுப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். 'வயித்தால போகுதா?' என்றார் கடைக்காரர். 'போ' என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது. போகச் சொல்கிறார் என்று திரும்பி நடந்தான். நான்தான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

நம் தெருவிலும் இப்படிப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். உடம்பு சம்பந்தமான நம்மூர்ப் பேச்சு இருபது எழுதி வைத்திருக்கிறேன். யாராவது இந்தியில் எழுதித் தந்தால் நகல் எடுத்துக் கொடுத்துவிடலாம். அடுத்த ஞாயிறு வரை ஊரில்தான் இருப்பேன்.