வேஷம் போடுறது நமக்கு என்ன புதுசா?

2024 பிப்ரவரியில காமிக் கான் முதல்முறையா சென்னைக்கு வந்துச்சு. நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல. பூந்தமல்லியில இருந்து ஒரே ரோடுதான். ஆனா நருட்டோ வேஷத்துல அந்த ரூட் பஸ்ல ஏறிப் பாருங்க, ‘இதெல்லாம் ஒரு பொழப்பா?’ன்னு நாலு பேராவது முணுமுணுப்பாங்க.

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரதம் இருந்து காளி, குரங்கு, போலீஸ்னு வேஷம் கட்டுறவங்களுக்கு நாம காணிக்கை போடுறோம். தெருக்கூத்துல விடிய விடிய கிரீடத்தோட ஆடுறவரை கலைஞர்னு மதிக்கிறோம். நேர்த்திக்கடன்னா சரி, தொழில்னாலும் சரி. பிடிச்சிருக்குன்னு போட்டா மட்டும் தப்பா?

எல்லாம் ஒண்ணுன்னு சொல்ல வரல. அங்க பக்தி இருக்கு, பரம்பரை இருக்கு. ஆனா உழைப்பு இங்கயும் இருக்கு. ஃபோம் ஷீட்டை வெட்டி, ஹீட் கன்ல சூடாக்கி வளைச்சு, ஒட்டி, பெயின்ட் அடிச்சுத்தான் ஒரு கவசம் உருவாகுது. இத்தனை பட்டறை இருக்கிற அம்பத்தூர்க்காரங்களுக்கு கைவேலையோட அருமையை நான் சொல்லணுமா?

ஆனா ஒண்ணு. கேலி வெளியில இருந்து மட்டும் வரல. ‘உன் கலருக்கு அந்த கேரக்டர் செட் ஆகாது’ன்னு கமென்ட் போடுறது ஃபேன்ஸ்தான். ஜப்பான்ல பேப்பர்ல வரைஞ்ச கேரக்டருக்கு ஆவடியில நிறம் பாக்குறது என்ன நியாயம்? கேட்காம போட்டோ எடுக்கிறதும், தோள்ல கை போடுறதும் அதே ரகம்தான். வேஷத்துக்குள்ள இருக்கிறது ஒரு மனுஷி, மனுஷன். முதல்ல கேளுங்க, அப்புறம் கேமராவை எடுங்க.

நீங்க என்ன நினைக்கிறீங்க? சொல்லுங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.