குரங்கணியைத் தாண்டும் முன்

தேனி என்று சொன்னவுடனே உங்களில் பாதிப் பேர் சுருளி அருவியில் குளிக்கப் போயிருப்பீர்கள், மீதிப் பேர் வைகை அணைப் பூங்காவில் உட்கார்ந்திருப்பீர்கள். லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபமும் பார்த்தாயிற்று. கம்பத்துப் பன்னீர் திராட்சையை இன்னொரு நாள் பேசிக்கொள்வோம். இன்றைக்குப் போடிநாயக்கனூர்.

மதுரையிலிருந்து ரயிலிலேயே வரலாம். பல வருஷம் வண்டி இல்லாமல் கிடந்த தடம் அகலப்பாதையாகி, 2023 ஜூனில் போடி வரை ரயில் வந்துவிட்டது. ஊருக்குள் நுழைந்தால் ஏலக்காய்க் கடைகள் எங்கே என்று யாரையும் கேட்க வேண்டாம், மூக்கே கூட்டிப் போய்விடும். காய் விளைவதில் பெரும்பகுதி மேலே இடுக்கிப் பக்கம். ஆனால் விலை பேச மூட்டைகள் கீழே போடிக்கு வரும், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் இங்கே நடக்கிறது. கடைக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பச்சை மாறாத பருங்காயைத் தனியே, வெடித்ததைத் தனியே, சிறுசைத் தனியே பிரித்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு ஒரு பக்கம் ஓடும், விரல் ஒரு பக்கம் ஓடும். பக்கத்து டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். தெருவே மணக்கும்போது டீயில் தனியாக ஏலக்காய் எதற்கு!

முந்தலில் பாதை பிரியும். நேரே ஏறினால் போடிமெட்டு. நாம் குரங்கணிப் பக்கம் திரும்புகிறோம். மாந்தோப்பு, இலவ மரம், கொட்டகுடி ஆறு. அங்கிருந்து டாப் ஸ்டேஷன் வரை உங்களை நடத்திக் கூட்டிப் போவதாகத்தான் எண்ணம்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் எப்படி ஏறுவது? 1902-இல் மூணாறிலிருந்து மலைமேலேயே ஒரு ரயில் ஓடியது. ஒற்றைத் தண்டவாளம், மாடு இழுக்கும் வண்டி. ஒரு பக்கம் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில், மறு பக்கம் பெரிய சக்கரம் மண் சாலையில்! 1908-இல் அது குறும்பாதை ரயிலாக மாறியது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறங்கி, ரோப்வேயில் தொங்கிக்கொண்டே சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு வரும். அங்கிருந்து போடி, பிறகு கப்பல், பிறகு லண்டன். 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இந்தச் சரிவுகளில் வெகுகாலமாக ஆள் நடமாட்டம் உண்டு என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். தோட்ட வேலைக்குப் போனவர்களும் சுமை தூக்கியவர்களும் நடந்த தடம் இது. எந்த மாதம் புல் காயும், எந்த நேரம் காற்று திரும்பும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது தெரியாது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்த இரண்டு குழுக்கள், கொழுக்குமலையில் இரவு தங்கிவிட்டுக் குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. ஆள் உயரப் புல், முழுக்கக் காய்ந்தது. தீ சூழ்ந்துகொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் பலர் இளம்பெண்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் புகைக்குள் முதலில் ஓடி ஏறியவர்கள் கீழே இருந்த ஊர்க்காரர்கள்தான்.

இப்படிப் பக்கத்தில் இருப்பவர்களே காப்பாற்ற வேண்டிய நிலைக்காகப் பனி மலை நாடுகளில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு மலை ஏறும் ஊர்க் குழுக்கள், சீசன் தொடங்கும்போது ஒரு சனி, ஞாயிறு கூடிப் பயிற்சி செய்வார்கள். ஆளுக்கொரு மண்வாரி, குத்திப் பார்க்க நீளக் கம்பி, சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி. ஒரு பையைப் பனியில் புதைத்துவிட்டுத் தேடிப் பழகுவார்கள். ஏனென்றால் பனிச்சரிவில் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதற்குள் கீழேயிருந்து ஒருவரும் வந்து சேர முடியாது. கூட நடப்பவன்தான் மீட்புப் படை.

அங்கே ஆபத்து மேலிருந்து சரியும், நம் மலையில் கீழிருந்து ஏறும். சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கிப் பரவும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. அதனால் தீக்கு மேலே நின்று உச்சியை நோக்கி ஓடுகிறவர் அதோடு பந்தயத்தில் ஜெயிக்க முடியாது. ஓடைப் பள்ளத்தில் இறங்கினால் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், அனலும் புகையும் அந்த வழியாகத்தான் மேலே இழுக்கும். பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறையையோ ஏற்கெனவே எரிந்து கரியான தரையையோ தேட வேண்டும். எரிந்த இடம் மறுபடி எரியாது. உடம்பில் பருத்தித் துணி இருக்கட்டும். நைலான், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் கேட்டால் மட்டும் போதாது, பதற்றத்தில் கால் தானாகச் சரியான பக்கம் திரும்புகிற அளவுக்குப் பழக வேண்டும்.

அந்த 2018 தீ விபத்துக்குப் பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றத் தடங்களை இணையப் பதிவோடு திறந்தது, அதில் குரங்கணி-சாம்பலாறும் ஒன்று. மலைவாழ் இளைஞர்களும் உள்ளூர்ப் பிள்ளைகளும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வழிகாட்டிக்குத் தெரிந்தால் போதும் என்று நாம் இருந்துவிடக் கூடாது. மலையேற்றக் குழு வைத்திருக்கும் நண்பர்களே, ஐப்பசி மழை ஓய்ந்ததும், புல் பச்சையாக இருக்கும்போதே, உங்கள் ஆட்களை அடிவாரத்துக்குக் கூட்டி வந்து இரண்டு நாள் பழக்குங்கள். காயம்பட்டவரைத் தூக்கி இறக்குவது, தலை எண்ணுவது, தீக்காயத்துக்கு முதலுதவி, எல்லாவற்றையும். பாடம் எடுக்க ஊர்ப் பெரியவர் ஒருவரை அழையுங்கள், அவருக்கு உரிய சம்பளத்தையும் கொடுங்கள்.

பாருங்கள், டாப் ஸ்டேஷன் ஏறுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அதனால் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: மாசி, பங்குனியில் புல் மலைக்குப் போகாதீர்கள். மற்ற மாதங்களில் வனத்துறை அனுமதி, உள்ளூர் வழிகாட்டி, வீட்டில் ஒருவர் கையில் குழுவின் பெயர்ப் பட்டியல், இந்த மூன்றும் இல்லாமல் குரங்கணியைத் தாண்டாதீர்கள்.